மேல்மலையில் மேய்ச்சலுக்கு எந்தப் புல்: கிக்குயுவா, கினியாவா, செட்டேரியாவா, இருக்கும் புல்லேவா?

பூம்பாறைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இடையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் மாறி மாறிப் போட்டு வந்தோம். ஆள் கூலியும் விதைப்பூண்டின் விலையும் ஏறிவிட்டதால், மேட்டுப் பாத்திகள் உள்ள ஒரு ஏக்கரை மட்டும் பூண்டுக்கு வைத்துக்கொண்டு, மீதி மூன்று ஏக்கரை மேய்ச்சல் நிலமாக்கிவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். இப்போதைக்கு இருபது செம்மறிகளும் இரண்டு ஜெர்சி கலப்புப் பசுக்களும் இருக்கின்றன.

கோயம்புத்தூர்ப் பக்கம் கரணை (நடுவதற்கான புல்தண்டுத் துண்டு) விற்கும் ஒருவர், கம்பு நேப்பியர் கோ-5 என்ற ஒட்டுப்புல் ஒன்றே போதும், ஏக்கருக்கு ஆண்டுக்கு நூற்று நாற்பது டன் வரும், வேறு புல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்கிறார். ஊரில் கேட்டால், வரப்பில் தானாக ஓடிக்கிடக்கும் கிக்குயுவை இழுத்து நட்டுவிட்டால் போதும் என்கிறார்கள். இணையத்தில் கினியா, செட்டேரியா, பிரக்கியாரியா, ரோட்ஸ் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். அறுத்துப் போட ஆள் கிடையாது. ஆடும் மாடும் தாமாக மேய வேண்டும். மண் புளிப்பு மண். நிலத்தின் கீழ்ப்பகுதி ஓடையை ஒட்டிய பள்ளம். காட்டுமாடு வந்து போகும். இந்த நிலைமைக்கு எது சரிவரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் ஒப்பிட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குந்தாப் பட்டி:

நண்பருக்கு வணக்கம். நான் நீலகிரியின் குந்தாப் பகுதியில் கறவை மாடுகள் வைத்திருப்பவன். கரணை விற்பவர் சொன்ன கணக்கு பொய்யன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-5 இரகத்துக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் பசுந்தீவனம் என்றுதான் குறிப்பிடுகிறது. அதை ஏக்கருக்கு மாற்றினால் அவர் சொன்ன எண் வந்துவிடும். ஆனால் அது சமவெளி வெப்பத்தில், பாசனத்தோடு, எரு போட்டு, முதல் அறுவடை எழுபத்தைந்து எண்பது நாளிலும் பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறையும் அரிவாளால் அறுத்து எடுத்த விளைச்சல். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் உயரத்தில் அந்த நாற்பத்தைந்து நாள் என்பது வெயில் காலத்திலேயே இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். மார்கழி, தை மாதங்களில் புல் அப்படியே நின்றுவிடும். பள்ளத்தில் உறைபனி விழுந்தால் தோகை முழுவதும் வெந்ததுபோலக் கருகிவிடும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அறுப்பதற்கு ஏற்ற புல்லும் மேய்ச்சலுக்கு ஏற்ற புல்லும் உடலமைப்பிலேயே வேறுபட்டவை. நேப்பியரின் குருத்து, தண்டு நீள நீள மேலே ஏறிக்கொண்டே போகும். மாடு மேயும்போது அந்தக் குருத்தைத்தான் முதலில் கடிக்கிறது, காலால் தூரையும் மிதித்து உடைக்கிறது. அடுத்த தழைவு அடிக்கணுவிலிருந்து புதிதாகக் கிளம்ப வேண்டும். சில சுற்றுகளில் தூர் தூராகச் செத்து, இடையில் களை புகுந்துவிடும். கிக்குயு அப்படியன்று. அதன் ஓடுதண்டுகள் மண்ணின் மேலே ஒட்டிப் படர்கின்றன, மண்ணுக்குள்ளும் கிழங்குபோன்ற தண்டுகள் ஓடுகின்றன. ஆட்டின் வாய்க்கு எட்டாதபடி குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால், எவ்வளவு ஒட்ட மேய்ந்தாலும் மறுபடி தழைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவின் மேட்டுநிலங்களில், மந்தைகள் மிதித்துக்கொண்டே இருந்த இடத்தில் உருவான புல் அது. பகல் வெப்பம் பதினாறு முதல் இருபத்தோரு டிகிரி வரை இருக்கும் இடம்தான் அதற்கு உவப்பானது. ஊட்டியும் கொடைக்கானலும் அந்த அளவுக்குள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றிப் பார்த்தால், ஆட்டுக்குக் கிக்குயு எப்படி ஈடுகொடுக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

எனவே 1,800 மீட்டருக்கு மேல், அறுக்க ஆளில்லாமல், நேரடி மேய்ச்சல் என்றால் அடிப்படைப் புல் கிக்குயுதான் என்பது என் கருத்து. ஆனால் மூன்று ஏக்கரில் உங்கள் மந்தை ஆண்டு முழுவதும் வயிறு நிறையுமா என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு எழுதுகிறேன்.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்:

குந்தா ஐயா சொல்வது மேல்மலைக்குப் பொருந்தும். கீழ்மலையிலிருந்து எழுதும் நான் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் 1,200, 1,300 மீட்டர்தான். இங்கே உறைபனி என்ற பேச்சே இல்லை. கிக்குயு இங்கே உயிரோடு இருக்கும், ஆனால் சோம்பிப்போய்த்தான் இருக்கும். இங்கே கினியா புல்தான் ராஜா. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கின் அடியிலும் அது தழைக்கும். இவ்வளவு நிழல் தாங்கும் தீவனப்புல் குறைவு. மேய்ச்சலையும் நேப்பியரைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் ஒரு சாணுக்குக் கீழே மேயவிடக் கூடாது; தூர்ப்புல் என்பதால் அடிவரை மேய்ந்தால் இளைத்துவிடும். பூ வரும்வரை விட்டுவிட்டால் தண்டு முற்றி, ஆடு தோகையை மட்டும் உருவித் தின்றுவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும்.

பிரக்கியாரியாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரளத்தில் காங்கோ சிக்னல் என்ற பெயரில் அதில் ஓர் இனத்தை நிறையப் போடுகிறார்கள். புளிப்பு மண்ணையும் அதில் கரையும் அலுமினியத்தையும் தாங்குவதில் அந்தக் குடும்பத்துக்கு ஈடில்லை. தென் அமெரிக்காவின் பெரும் மேய்ச்சல் நிலங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. ஆனால் குளிர் அதற்கு ஆகாது. பூம்பாறையில் அது ஒரு குளிர்காலத்தைத் தாண்டுமா என்பதே ஐயம். ரோட்ஸ் புல்லும் உங்களுக்கு வேண்டாம். அதன் பலம் உப்புத்தன்மையைத் தாங்குவது. உங்கள் புளிப்பு மண்ணில் அந்தப் பலத்துக்கு வேலையில்லை.

கோத்தகிரி மருத்துவர்:

நான் கால்நடை மருத்துவர். தாண்டிக்குடி அண்ணன் பிரக்கியாரியா பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்த இனத்தில் டிகம்பென்ஸ் எனப்படும் சிக்னல் புல்லில் சப்போனின் வகைப் பொருள் உண்டு. செம்மறிகளுக்கு, அதிலும் குட்டிகளுக்கு, அது ஈரலைக் கெடுக்கும். வெளியே தெரிவதோ தோலில்: காதும் முகமும் வீங்கி, கண் இமை தடித்து, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து, ஆடு நிழலைத் தேடி ஒண்டும். அம்மை என்று எண்ணி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டிருப்பார்கள். அப்போது முதலில் செய்ய வேண்டியது ஆட்டை அந்தப் புல்லிலிருந்து விலக்கி நிழலில் கட்டுவது. மாடுகள் ஓரளவு தாங்கும். செம்மறி வைத்திருப்பவர் அந்தப் புல்லைத் தனித்தீவனமாக வைக்காமல் இருப்பதே நல்லது.

இப்போது கிக்குயுவுக்கு வருகிறேன். புல்வெளி என்ற அளவில் குந்தா ஐயாவோடு எனக்கு வேறுபாடு இல்லை. இளம்புல்லின் புரதம் உரமிட்ட நிலத்தில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று போகும். ஆனால் அதை மட்டுமே தின்று வளரும் மாட்டின் ரத்தத்தில் சில பொருள்கள் குறைந்துகொண்டே வரும். முதலாவது உப்பு. கிக்குயு சோடியத்தை வேரிலேயே நிறுத்திவிட்டு இலைக்கு ஏற்றாத இயல்புடைய புல். கிக்குயுவில் மேயும் மாடுகள் சுவரையும் மூத்திரம் பட்ட மண்ணையும் நக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது கெட்ட பழக்கமன்று, உப்புப் பசி. இரண்டாவது சுண்ணாம்புச்சத்து. கிக்குயுவில் அது குறைவு. இருப்பதிலும் ஒரு பகுதியை ஆக்சலேட் பிடித்துவைத்துக்கொள்கிறது. மூன்றாவது மக்னீசியம். கறவையில் இருக்கும் பசுவுக்குத் தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு ஐம்பது கிராமும், அதனுடன் சாதாரண உப்பும், மழையில் கரையாத இடத்தில் உப்புக்கட்டியும் வைத்தால் இவை பெரிய சிக்கலாவதில்லை. வைக்காதவர்கள் ஈன்ற மறுநாள் பசு எழாமல் படுத்துவிட்டது என்று இரவில் தொலைபேசியில் அழைப்பார்கள்.

அடுத்தது நைட்ரேட். நீண்ட வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்து, புல் கரும்பச்சையாகக் குபுகுபுவென்று கிளம்பும் நாள்களிலும், யூரியா போட்ட பிறகு மேகமூட்டமாகவே இருக்கும் நாள்களிலும், புல்லில் நைட்ரேட் தேங்கும். பசியோடு அவிழ்த்துவிட்ட மாடு அரை நாளில் மூச்சுத் திணறி விழக்கூடும். ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். மெத்திலீன் புளூ என்ற மருந்தை மருத்துவர் நேரத்தில் ஏற்றினால் பிழைக்கும். யூரியா போட்ட துண்டில் மூன்று வாரமாவது மேயவிடாமல் இருங்கள். பசியோடு ஒருபோதும் அவிழ்க்காதீர்கள்; முதலில் சிறிது வைக்கோல் போட்டுவிட்டு அனுப்புங்கள். படைப்புழு விழுந்து தின்ற கிக்குயுவிலும் மாட்டை விடக் கூடாது. புழு தாக்கிய கிக்குயுவை மேய்ந்த மாடுகள் வாயில் எச்சில் ஒழுக, தண்ணீர்த் தொட்டியில் முகத்தை வைத்துக் குடிப்பதுபோல் நிற்கும், ஆனால் ஒரு மடக்குகூட இறங்காது. வயிறு நீர் கட்டி உப்பிவிடும். நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் மந்தைகள் இப்படி மடிந்திருக்கின்றன.

செட்டேரியாவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. உங்கள் உயரத்துக்கு அது பொருந்தும் புல்தான்; கென்யாவின் அபர்டேர் மலையிலிருந்து தேர்ந்தெடுத்த நாரோக் என்ற இரகம் உறைபனியைக் கிக்குயுவைவிடவும் தாங்கும். ஆனால் ஆக்சலேட் அதில் இன்னும் மிகுதி. இரகத்துக்கு இரகம் அளவு மாறும். கசுங்குலா என்ற இரகத்தில் மிக அதிகம்.

ஏரிக்கரைக் குதிரை:

டாக்டர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. கொடைக்கானலில் சவாரிக்கு இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறேன். இரவில் கிக்குயு வெளியில்தான் நிற்கின்றன. ஒன்றுக்குக் கண்ணுக்குக் கீழே முகத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைத்து வருகிறது, நடை சற்றுக் கெந்துகிறது. இது அந்த ஆக்சலேட் விவகாரமா?

கோத்தகிரி மருத்துவர்:

இருக்க வாய்ப்பு நிறைய உண்டு. நேரில் காட்டாமல் முடிவாகச் சொல்ல முடியாது. மாட்டின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைப் பழகப் பழகச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. தின்ற சுண்ணாம்புச்சத்து சாணத்தோடு போய்விடுவதால், உடல் அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கிறது. காலியான இடத்தில் நார்த்திசு நிரம்பி முகம் புடைக்கிறது. பெருந்தலை நோய் என்போம். கிக்குயு, செட்டேரியா இரண்டிலும் வரும். புல்லின் பங்கைப் பாதியாகக் குறைத்து, குதிரை மசாலும் ஓட்ஸ் வைக்கோலும் கொடுங்கள். சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த கலவையை மருத்துவரிடம் எடை கேட்டுக்கொண்டு வையுங்கள். தவிடு மட்டும் அள்ளி வைப்பது நோயைக் கூட்டும், ஏனெனில் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி.

சோலைப்புல்:

இந்த இழையில் எல்லோரும் வெளியிலிருந்து வந்த புல்லைப் பற்றியே பேசுவதால் நான் ஒரு தடை எழுப்ப வேண்டியிருக்கிறது. பழனி மலையின் மேற்பகுதியும் நீலகிரியின் மேற்பகுதியும் ஒரு காலத்தில் புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் சோலைகளுமாக இருந்தவை. சீகை (வாட்டில்), பைன், யூகலிப்டஸ் என்று மரம் நட்டு நட்டு அதில் பெரும்பகுதியை இழந்துவிட்டோம். மிச்சமிருக்கும் துண்டுகளில்தான் தீமெடா, கிரைசோபோகன், யூலாலியா போன்ற மண்ணின் புல்கள் தூர் தூராக நிற்கின்றன. தோடர்கள் தம் கோவில் கூரைக்கு வேயும் புல் ஈரச் சதுப்பில் வளர்வது. அத்தகைய ஈரப் பள்ளங்கள்தான் கிக்குயுவுக்கும் பிடித்தமானவை. அது ஓரிடத்தில் பாய் விரித்துவிட்டால் அதனடியில் வேறொன்றும் முளைக்காது.

கிக்குயு ஓடுதண்டால் மட்டுமே பரவும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒட்ட மேய்ந்த, அல்லது வெட்டிய கிக்குயு வெளியை விடியற்காலையில் குனிந்து பாருங்கள்: வெண்ணூல் சிதறியதுபோல ஒரு மினுக்கம் தெரியும். அவை மகரந்தத் தாள்கள். பூ இலையுறைக்குள்ளேயே மறைந்திருக்கும், விதையும் அங்கேயே முற்றும். மாடு புல்லோடு விதையையும் விழுங்கி, சாணத்தில் உயிரோடு வெளியேற்றும். உங்கள் நிலத்தில் மேய்ந்த காட்டுமாடு அந்த விதையைச் சோலைப்புல்வெளிக்குக் கொண்டுபோகும். அமெரிக்காவில் இதை நடுவண் அரசின் தீங்குக் களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை.

தோடர்களின் எருமைகள் எத்தனையோ தலைமுறையாக மண்ணின் புல்லை மேய்ந்துதான் பால் கொடுத்தன. அந்தப் புல்லுக்கு யூரியா வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். பனியில் மேலே காய்ந்தாலும் தூர் சாகாது.

குந்தாப் பட்டி:

சோலைப்புல் அவர்களின் எச்சரிக்கையை மதிக்கிறேன், புல்வெளியை ஒட்டிய நிலத்தில் கிக்குயு நடக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் இரண்டு நிலங்களையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியாகாது. நண்பர் கேட்பது பல தலைமுறையாக உழுது, உருளைக்கிழங்கு போட்டு, வரப்பில் ஏற்கெனவே கிக்குயு ஓடிக்கிடக்கும் நிலத்தைப் பற்றி. அங்கே தீமெடாவைக் கொண்டுவருவது தூர்களைப் பெயர்த்து நட்டு, களை பறித்து, பல ஆண்டு காத்திருக்கும் மீட்புப் பணி; அதுவரை ஆடு எதைத் தின்னும்? தோடர் எருமை மேய்ந்தது உண்மைதான், ஆனால் அது பரந்த மலையில், குறைந்த எண்ணிக்கையில், இடம் மாறி மாறி. பூ வந்து முற்றிய மலைப்புல்லில் புரதம் மிகக் குறைந்துவிடும். குறைந்த பாலும் கெட்டியான பாலும் தரும் எருமைக்கு அது போதும், நாளுக்குப் பத்து லிட்டர் எதிர்பார்க்கும் ஜெர்சிக் கலப்புக்குப் போதாது.

சோலைப்புல்:

உழுத நிலத்தைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஓடைப் பள்ளத்தை விட்டுவிடுங்கள் என்ற கோரிக்கையிலிருந்து பின்வாங்க மாட்டேன். தண்டுத் துண்டு ஓடையில் விழுந்தால் கீழேயுள்ள ஊர்களுக்கும் அது போகும். நண்பரின் நிலத்துக்கு மேலே கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோத்தகிரி மருத்துவர்:

அந்தப் பள்ளத்தை விடச் சொல்வதற்கு எனக்கும் ஒரு காரணம் உண்டு. ஓடையோரச் சேற்றில் சிறு நத்தைகள் இருக்கும். ஈரல் தட்டைப்புழு அவற்றின் வழியாகத்தான் புல்லுக்கு வந்து, அங்கிருந்து ஆட்டுக்குப் போகிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும் ஆடுகளில் பல, பள்ளத்தில் மேய்ந்தவை. ஓடையோரத்துக்கு வேலி போட்டு, தண்ணீரை மேலே தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். வேலிக்குள் பெரணி முளைத்தால் பிடுங்கிவிடுங்கள். பெரணியைத் தொடர்ந்து தின்னும் மாடு சிறுநீரில் ரத்தம் போகும் நோய்க்கு ஆளாகும்.

பூம்பாறைக்காரன்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சரணாலய எல்லை எங்கள் நிலத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, இடையில் பிறர் தோட்டங்கள் உள்ளன. ஆயினும் பள்ளத்தை விட்டுவிடுகிறோம். குந்தா ஐயா மூன்று ஏக்கர் போதுமா என்று ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு நிறுத்திவிட்டார். அதுதான் இப்போது உறுத்துகிறது.

குந்தாப் பட்டி:

கணக்கைக் காய்ந்த எடையில் போட வேண்டும். முப்பது கிலோ செம்மறி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்ந்த தீவனம் தின்னும். ஒரு கறவைப் பசுவுக்குப் பத்து கிலோ. ஆக உங்கள் மந்தைக்கு நாளுக்கு நாற்பது கிலோ; ஆண்டுக்குப் பதினான்கரை டன்னுக்குச் சற்று மேல். எருவும் மழையும் குறையாத கிக்குயு எக்டேருக்குப் பத்து டன் உலர்தீவனம் தரும் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஏக்கரில் பன்னிரண்டு டன். அதில் மிதிபடுவதும் சாணம் பட்டு ஒதுக்குவதும் போக மூன்றில் இரண்டு பங்குதான் வாய்க்குப் போகும். எட்டு டன். பள்ளத்தைக் கழித்தால் இன்னும் குறையும். பாதியளவுக்கு நீங்கள் வேறு வழி தேட வேண்டும்.

அந்தப் பற்றாக்குறையும் ஆண்டு முழுவதும் சமமாக வராது என்பதுதான் சிக்கல். கிக்குயு வெப்பமண்டலப் புல் வகையைச் சேர்ந்தது; வெயிலில் வேகமாக உணவு தயாரிக்கும், இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மே முதல் நவம்பர் வரை உங்களுக்குப் புல் மிஞ்சும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பஞ்சம். உறைபனி விழுந்த காலையில் பள்ளத்துப் புல் வைக்கோல் நிறத்தில் வெளுத்துக்கிடக்கும்போது, இருபது அடி மேலே சரிவில் பச்சை மாறாமல் இருக்கும்; குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குவதால் வரும் வேறுபாடு அது. ஆகவே குளிர்காலத்துக்கென்று ஒதுக்கும் துண்டு சரிவில் இருக்கட்டும்.

எந்தப் புல் சிறந்தது என்ற ஒப்பீட்டை இந்த நான்கு மாதங்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். இங்கேதான் சீமைப் புல்களுக்கு வேலை. செப்டம்பர் கடைசியில் கிக்குயுவை ஆடு விட்டு மண் தெரிய ஒட்ட மேயவிட்டு, அதன்மேல் ரைகிராஸ் விதையைத் தூவி, ஆட்டையே இரண்டு நாள் மிதிக்கவிட்டால், கிக்குயு உறங்கும் காலத்தில் ரைகிராஸ் தலைதூக்கும். வெள்ளைக் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனச் செடியையும் இப்படிச் சேர்க்கலாம்; ஊட்டியில் புல்தரைகளில் அது தானாகவே திரிகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் யூரியாவின் தேவையைக் குறைக்கும், கிக்குயுவில் இல்லாத சுண்ணாம்புச்சத்தும் அதில் உண்டு. ஆனால் புளிப்பு மண்ணில் அது பிழைக்காது. தேயிலைத் தோட்டங்களுக்கு வாங்கும் டோலமைட்டும் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) கொஞ்சம் பாஸ்பேட்டும் இட்டால்தான் நிற்கும். நீங்கள் கிழங்குக்கு இட்ட உரத்தின் மிச்சம் மண்ணில் இருக்கும் என்பதால் உங்களுக்கு எளிது. காக்ஸ்ஃபுட் என்ற தூர்ப்புல்லும் உங்கள் உயரத்தில் நன்றாக நிற்கும், ஆனால் கிக்குயுவோடு கலந்தால் தோற்றுவிடும். தனித் துண்டில் போடுங்கள்.

கோத்தகிரி மருத்துவர்:

குளோவர் பாதிக்கு மேல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலைப் பனி ஈரத்தோடு குளோவரை அள்ளித் தின்ற மாட்டுக்கு நுரைத்த வயிற்று உப்புசம் வரும். இடது விலா மேடிட்டு நிற்பதைக் கண்டால் கடலை எண்ணெயைப் புகட்டிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். புகட்டும்போது தலையை உயரத் தூக்கி ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும்.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்:

மிஞ்சும் காலத்துப் புல்லைக் காயவைத்து வைத்துக்கொள்ள முடியாதா?

குந்தாப் பட்டி:

பழனி மலையில் அது கடினம். உங்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில். புல் மிஞ்சி நிற்பதும் அப்போதுதான்; வெயில் எங்கே இருக்கிறது? ஊறுகாய்ப் புல்லாகப் போடலாம், ஆனால் கிக்குயுவில் நீர் மிகுதி, சர்க்கரை குறைவு. அப்படியே குழியில் போட்டால் அழுகி நாறும். ஒரு நாள் வாடவிட்டு, வெல்லக் கரைசல் தெளித்து, காற்றுப் புகாமல் மிதித்து மூட வேண்டும். நெய்க்காரப்பட்டிச் சந்தையில் தரம் குறைந்த வெல்லம் கிடைத்தால் போதும். அதைவிட எளிதாக நான் நினைப்பது, பூண்டு எடுத்த துண்டில் தீவன ஓட்ஸ் விதைப்பது. கதிர் வருவதற்கு முன் அறுத்தால் இன்னொரு முறை தழைக்கும், அல்லது நேரடியாகவே ஆட்டை விடலாம்.

ஒட்டன்சத்திரம் கிடைக்காரர்:

கீழ்நாட்டிலிருந்து ஒரு சொல். எங்கள் கொறங்காட்டுக் (வேலியடைத்த வறண்ட மேய்ச்சல் நிலத்துக்) கொழுக்கட்டைப் புல்லை மேலே கொண்டுபோகலாமா என்று இதற்கு முன் இதே பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கிளுவை வேலிக்குள், வெள்வேல் மரத்தடியில், வறண்ட சுண்ணாம்பு மண்ணில் நிற்கும் புல் அது. மழை பொய்த்தாலும் வேர் உயிரோடு கிடக்கும். புளிப்பு மண்ணும் ஓயாத ஈரமும் அதைக் கொன்றுவிடும். ஆனால் வேறொரு வழி இருக்கிறது: குளிர்காலத்தில் உங்கள் செம்மறிகளைக் கீழே இறக்கி, தை அறுவடை முடிந்த காடுகளில் கிடை போட விட்டுவிட்டு, சித்திரை மழையில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் காடுகளுக்கு எரு, உங்களுக்குப் புல் மிச்சம்.

கோத்தகிரி மருத்துவர்:

இறக்குவதானால் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, மூன்று வாரம் கழித்து இறக்குங்கள். மலையாடு கீழ்நாட்டு உண்ணிக்கும் வெப்பத்துக்கும் பழகாதது. கம்பளி ஆடாக இருந்தால் இறக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

பூம்பாறைக்காரன்:

எங்களுடையவை மன்னவனூர்ச் செம்மறி ஆராய்ச்சி மையத்துக் கிடாக்களின் வழிவந்த கம்பளி ஆடுகள்தாம். எனவே இறக்கப் போவதில்லை. பத்து ஆடுகளைக் கழித்துவிட்டு, சரிவில் இரண்டு ஏக்கர் கிக்குயுவும், அதில் அரை ஏக்கரில் ரைகிராசும் குளோவரும், பூண்டுத் துண்டில் ஓட்ஸுமாகத் தொடங்கலாம் என்று எண்ணுகிறோம். இரண்டு சந்தேகங்கள். மேயவிடும் நாளை எப்படிக் கணிப்பது? பூண்டுப் பாத்திக்குள் கிக்குயு நுழையாமல் எப்படித் தடுப்பது?

குந்தாப் பட்டி:

நாளை எண்ணாதீர்கள், இலையை எண்ணுங்கள். மேய்ந்து முடித்த பிறகு வரும் ஒரு தளிர்த்தண்டை எடுத்து விரல் நுனியால் பிரித்துப் பார்த்தால், புதிய இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியும். நான்கு இலை முழுதாக விரிந்து ஐந்தாவது பாதி வந்தபோது அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடி இலை மஞ்சளாகிச் சாகத் தொடங்கும், தண்டு நீளும், மெத்தைபோல் செத்தை சேரும்; அந்த மெத்தைமேல் ரைகிராஸ் விதையும் முளைக்காது. ஜூன், ஜூலையில் இது மூன்று நான்கு வாரத்தில் வரும், குளிரில் இரண்டு மாதம்கூட ஆகும். இரண்டு அங்குலம் மிச்சமிருக்கும்போது அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுங்கள். துண்டு துண்டாகப் பிரிக்க நகர்த்தும் வலைவேலி போதும். காட்டுமாட்டை அது தடுக்காது, அதற்குத் தனியாக வழி பார்க்க வேண்டும்.

நடுவதற்கு, டோலமைட்டை ஏப்ரல் கோடைமழைக்கே போட்டுவிட்டு, ஜூன் சாரலில் மூன்று நான்கு கணு உள்ள தண்டுகளை இரண்டடி இடைவெளிச் சாலில் கிடத்தி, நுனி வெளியே தெரிய மண் தள்ளி மிதித்துவிடுங்கள். பூண்டுப் பாத்திக்கும் புல்லுக்கும் இடையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு கானை (சிறு வாய்க்கால்) வெட்டி, அதன் ஓரத்தில் பசுவை அடிக்கடி முளையடித்துக் கட்டினால், குறுக்கே பாலம் போடும் தண்டுகளை அதுவே கடித்துவிடும். மழைக்காலத்தில் கானையைப் பார்க்காமல் விட்டால் ஒரே மாதத்தில் தாண்டிவிடும். பூண்டுத் துண்டு மேட்டில் இருப்பது உங்களுக்குச் சாதகம், ஏனெனில் அறுந்த தண்டு மழைநீரோடு கீழ்நோக்கித்தான் போகும். ஆகவே கானையின் வடிகாலை ஓடைக்குத் திறந்துவிடாமல், புல் நிலத்துக்குள்ளேயே ஒரு குழியில் முடியும்படி வெட்டுங்கள்.